எலுமிச்சம்பழம் யாருக்கு

14-6-1967, புதன்

வசந்தா எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். போன மாதம் வரை என்னைப் போலவே கிராம சேவிகா. இப்போது முக்கிய சேவிகா, எனக்கு மேலதிகாரி. அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

இன்று திருவாலங்காட்டு மாதர் சங்கத்துக்கு ஜீப்பில் போனோம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும் என்று முன் இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அந்த நல்ல குணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இறங்கியதும் சங்கத்துப் பெண்கள் என் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துக் கும்பிட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

டிரைவர்தான் சொன்னார்: "அவங்க இல்லம்மா. பின்னால குந்திகினு வந்தாங்களே, அவங்கதான் ஆபீசரு."

வசந்தா சிரித்தாள். "நீங்களே வச்சுக்கோங்கக்கா. யார்கிட்ட இருந்தா இன்னா?"

அந்தப் பதவி உயர்வு முதலில் எனக்குத்தான் வந்தது. பொதட்டூர்பேட்டைக்கு மாற்றல் என்றதும், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். எழுதிக் கொடுத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது, "ஏது பழம்?" என்று கேட்டார்.

"ஆபீசருக்குக் கொடுத்தாங்க" என்றேன்.

சாதம் பிசைந்த கை அப்படியே நின்றது. எந்த ஆபீசர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.