வடிவிடம் நான் மறைத்த சீட்டு

என் உயிரான வடிவுக்கு,

நீ போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. திவசத்துக்கு எள்ளும் தண்ணீரும் விட்டதோடு சரி, உன்னிடம் மனசு திறந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று மத்தியானம் மருந்துக் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளை நம் மேலகரத்து வீட்டில் ஒரு பேச்சு நடக்கப்போகிறது. அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

நீ போன மறு வருஷம் உன் கொழுந்தன் சங்கரனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணுக்கு ஊர் சுரண்டை, பேர் பார்வதி. நல்ல வாயாடி, உனக்குப் பிடித்துப் போயிருக்கும். நான்கு வருஷமாகக் குழந்தை இல்லை. அம்மா பழையபடி ஆரம்பித்துவிட்டாள். அது எப்படியிருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

சங்கரன் வர மறுத்ததால் நானும் பார்வதியின் அம்மாவும் அவளை மதுரைக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் கருக்குழாய் அடைத்திருக்கிறது. பார்வதி தேம்பித் தேம்பி அழுதாள். டெஸ்ட் டியூப் குழந்தை என்கிறார்களே, அந்த வைத்தியம் வந்ததே இந்த மாதிரிப் பெண்களுக்காகத்தான் என்று டாக்டரம்மா தேற்றினார்.

அது குழாயே இல்லையாம், வடிவு. சின்னக் கண்ணாடித் தட்டாம். பெண்ணிடமிருந்து முட்டையை எடுத்து, புருஷனுடைய உயிரணுவோடு அந்தத் தட்டில் சேர்த்து, உருவாகிற கருவை இரண்டு மூன்று நாளில் அவள் வயிற்றிலேயே வைத்துவிடுவார்களாம். அப்புறம் எல்லாப் பிள்ளையும் போலத் தாய் வயிற்றில்தான் வளருமாம். மெட்ராஸுக்குப் போக வேண்டும், எல்லாருக்கும் பலிக்கும் என்றும் சொல்ல முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. முதலில் புருஷனைச் சோதிக்க வேண்டும் என்றார்.

இந்த வைத்தியத்தைத்தானே நீ என்னிடம் கேட்டாய்? எழுபத்தெட்டாம் வருஷம், நல்ல சாரல். அம்மா சொன்னாள் என்று ஒரு மண்டலம் குற்றாலத்து அருவியில் குளித்துக் கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாய். ஈரத் தலையோடு பஜ்ஜிக் கடையில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, அங்கே கிடந்த பேப்பரில் இங்கிலாந்துச் செய்தியைப் படித்தாய்.

“ஏ அத்தான், சோதனைக் குழாயில புள்ள பொறந்திருக்காம்லா. மெட்ராஸ்ல போயிக் கேட்டுப் பாப்பமா?”

“பாட்டில்ல வளந்தது யாரு புள்ளயோ! அதெல்லாம் வெள்ளக்காரனுக்கு. பஜ்ஜியத் தின்னு, ஆறிப்போவுது.”

கடைக்காரர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அதன்பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? எந்த டாக்டரிடம் போனாலும் என்னைச் சோதிப்பார்கள் என்ற பயம். அதற்கு நான்கு வருஷம் முன்னால் திருநெல்வேலிக்குப் போய் நான் கொடுத்த சோதனை உனக்கு நினைவிருக்கும். நீதான் திருநீறு பூசி அனுப்பினாய். திரும்பி வந்ததும், “என்ன சொன்னாவ?” என்று கேட்டாய். “எனக்கு ஒரு கொறையும் இல்லையாம்” என்றேன். பொய், வடிவு. உயிரணு ஒன்றுகூட அசையவில்லை என்றுதான் சீட்டில் இருந்தது. திரும்பி வந்த பஸ் பாவூர்ச்சத்திரம் தாண்டும்போது அதைக் கிழித்து ஜன்னல் வழியே எறிந்தேன்.

அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உன்னை என்னவெல்லாம் படவிட்டேன்! இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்துக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துகொண்டாய். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறும் நீதான் கிளறிக் கொடுத்தாய். வளையல் போட மட்டும் உன்னைக் கூப்பிடவில்லை. மஞ்சள்காமாலையில் உன்னைப் பறிகொடுத்த அன்றும் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, “மலடியாவே போயிட்டாளே” என்றுதான் அம்மா அழுதாள். நான் அங்கேயே மரம் மாதிரி நின்றேன்.

மறுகல்யாணத்துக்கு நான் சம்மதிக்காததால், பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் என்று ஊர் என்னை மெச்சுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும்.

அன்றைக்கு மதுரையில் யாரோ சிநேகிதனுக்குக் கேட்பது போல டாக்டரம்மாவிடம் கேட்டேன். மருந்துக் கடைக்காரன் அல்லவா, எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் டானிக் பாட்டிலைக் கிருமிநாசினி விட்டுக் கழுவி, வீட்டிலேயே அதில் விந்தைப் பிடித்து, தென்காசியிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோன கதையைச் சொன்னேன்.

“மருந்துத் தண்ணியில கழுவின பாட்டில்லயா? ரெண்டு மணி நேரம் பஸ்லயா?” என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஒரு மணி நேரத்துக்குள்ள பாக்கணுங்க. இதுல எது உயிரோட இருக்கும்? அந்த டெஸ்ட்டே செல்லாதுன்னு உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க.”

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். செல்லாத ஒரு சீட்டுக்குப் பயந்தா உன்னை அப்படி நடத்தினேன்?

இப்போது அந்தப் பொய் பார்வதியின் கழுத்தைப் பிடிக்கிறது. “அண்ணனே பாஸ் ஆயாச்சு, எனக்கு எதுக்குண்ணே டெஸ்ட்டு?” என்கிறான் சங்கரன். “எங்க குடும்பத்துல ஆம்பளைக்குக் கொறை கெடையாது. பெரியவனுக்கே டாக்டரு சொல்லிட்டாவ” என்கிறாள் அம்மா. சங்கரனுக்கு இரண்டாந்தாரமாகக் கடையநல்லூரில் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறாள். பெண் வீட்டார் நாளை வருகிறார்கள். இன்று காலை காப்பி கொடுத்தபோது பார்வதி, “பெரியத்தான், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்” என்றாள். காப்பியைக் குடிக்காமலே கடைக்கு வந்துவிட்டேன்.

நாளை சொல்லிவிடுவேன், வடிவு. அம்மா இருக்கும்போது, வந்தவர்கள் இருக்கும்போது, நான் கிழித்த சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று என் வாயாலேயே சொல்வேன். சங்கரனை மதுரைக்குக் கூட்டிப்போவேன். அவனுக்கு முன்னால் நான் உள்ளே போய் என்னுடையதைச் சோதனைக்குக் கொடுப்பேன். இந்த வயதில் எதற்கு என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குறை எனக்குத்தான் என்று வந்தாலும் சரி, இல்லை என்று வந்தாலும் சரி, அந்தச் சீட்டைக் கிழிக்க மாட்டேன். உன் படத்துக்கு முன்னால் வீடு கேட்க உரக்கப் படிப்பேன். குறை இல்லை என்று வந்துவிட்டால், இல்லாத ஒன்றுக்காகத்தான் உன்னை அப்படிப் படவிட்டேன் என்று ஆகிவிடுமே; அதற்குத்தான், வடிவு, இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னைப் பழி சுமக்க விட்ட,
உன் அத்தான்