இரண்டு டிஸ்க், ஒரே கதி

அண்ணா,

மறைமலை நகரில் நான் இப்போது வேலை பார்க்கும் ஆபீசுக்கு இன்று காலை ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பேக்கப் பெட்டி ஒன்று வந்தது. அட்டையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை. தாம்பரத்தில், உங்கள் கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்கு இதே மாதிரிப் பெட்டி வந்த அன்றும் இதே வாசனைதான்.

உள்ளே இரண்டு டிஸ்க். உங்களிடம் எடிட்டராக இருந்த நான், கையேட்டைப் படித்துவிட்டுச் சொன்னேன். "அண்ணா, ஒண்ணுல பதியறது இன்னொண்ணுலயும் அப்படியே விழும். அழிச்சாலும் ரெண்டுலயும் போயிடும். டிஸ்க் கெட்டாதான் இது காப்பாத்தும், நம்ம கைத்தப்புக்கு இல்ல. நம்ம எல்லா கம்ப்யூட்டருக்கும் இதுல இருக்கிற ஒரே ஃபோல்டர்தான். வேற இடத்துல தனியா ஒரு காப்பி வேணும்."

நீங்கள் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தீர்கள். "தோ பாரு, ராகு காலம் வரப்போவுது. மொதல்ல ஆன் பண்ணு, அப்பால படிச்சிகினு உக்காரு."

பெட்டிக்குப் பொட்டு வைத்து சுவிட்சைப் போட்டீர்கள். பழைய டிஸ்க்குகளில் இருந்த வீடியோக்களை இதற்கு மாற்றி, அவற்றை அன்றைக்கே காலி செய்து ஷூட்டிங்குக்குக் கொண்டுபோனீர்கள். நல்ல நேரத்தில் ஆரம்பித்தாயிற்று, இனி என்ன பயம்! அப்புறம் யாரும் எதையும் படிக்கவில்லை.

பிறகு ஒருநாள் இடம் போதவில்லை என்று நீங்களே உட்கார்ந்து பழைய ஃபோல்டர் ஒன்றை அழித்தீர்கள். எடிட்டிங் முடியாமல் கிடந்த அஸ்தினாபுரம் கல்யாணம் அதற்குள் இருந்தது. "இன்னொரு டிஸ்க்ல கீதில்ல?" என்று சிரித்தீர்கள். இல்லை, அண்ணா. மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்தும் ஒன்றும் தேறவில்லை.

அந்தக் கல்யாணப் பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். வீடியோ அழிந்தது தெரியாமல், காரியம் முடிந்த கையோடு அவள் அப்பா ஸ்டூடியோவுக்கு வந்தார். "ஆல்பம் இருக்கும்மா. ஆனா அவ பேசுறது, சிரிக்கிறது உங்க வீடியோவுலதான் இருக்கு. எடிட் பண்ணாட்டி பரவால்ல, அப்படியே குடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் விரல் என் பக்கம் நீண்டது. "இந்தப் பொண்ணுதான் சார், தெரியாம அழிச்சிடுச்சு."

படுபாவி! கொஞ்சம்கூடக் கூசவில்லையே உங்களுக்கு. "நான் இல்ல சார், சத்தியமா நான் இல்ல" என்று கத்தினேன். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "உனக்கும் ஒரு அப்பா இருப்பாரில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினார். மறுநாள் என்னை வேலையை விட்டும் அனுப்பிவிட்டீர்கள்.

இன்று எங்கள் மேனேஜர், "சும்மா சொருகி ஆன் பண்ணும்மா" என்றார். எது எங்கே பதிகிறது, அழித்தால் எது மிஞ்சும் என்று எல்லோருக்கும் புரியாமல் ஒயரைத் தொடமாட்டேன் என்றேன். திமிர் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த அப்பாவைக் குரோம்பேட்டை மார்க்கெட்டில் இப்போதும் பார்க்கிறேன். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வீட்டுக்கே போய்ச் சொல்லிப் பார்த்தேன், கதவைச் சாத்தினார். என்றைக்காவது நீங்கள் அவரிடம் உண்மையைச் சொல்வீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் செத்த செய்தி வந்தபோது தேம்பித் தேம்பி அழுதேன். உங்களுக்காக அழவில்லை, அண்ணா. நான் அழிக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டாரே என்று அழுதேன்.