சுத்த மூலிகை

மார்ச் 3, 2024
அம்மாவிடம் இன்றும் சொல்லவில்லை. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லாரும் அவள் முகம் பூரித்துவிட்டதாகப் பேசினார்கள். "மக காலேஜுக்கு எடுபட்டதும் ஒனக்குக் கன்னம் உப்பிருச்சேடி பரிமளம்" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுச் சிவசக்தி அக்கா கிண்டல் செய்தாள். அம்மாவுக்கு வெட்கம்.

அந்த வட்ட முகத்தை ஒரு மருத்துவப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஸ்டீரொய்ட் மருந்தை நெடுநாள் எடுத்தவர்களின் முகம் அது. அம்மாவின் போத்தலில் 'சுத்த மூலிகை, மூட்டு வலிக்கு' என்று பச்சை எழுத்து. இரண்டு வருடமாக, தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு குளிசை.

மார்ச் 9
அந்தக் குளிசையை விட்டால் என்ன என்று கேட்டேவிட்டேன்.
"அது இல்லாட்டி மலையேற முடியாது. வீட்டுல ஒரு ஆளாவது தோட்டத்துல பேர் பதியலேன்னா இந்த லயத்து வீட்ட விடச் சொல்லுவாங்க. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் என் காலு நிக்கணும்."


மார்ச் 21
பண்டாரவளையில் அந்தக் குளிசை விற்ற கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். லேபிளில் சொல்லாத ஸ்டீரொய்ட் உள்ளே இருந்ததாம். செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மிச்சக் குளிசைகளைக் கழிவுநீர்க் கானில் கொட்டினேன். அவள் தடுக்கவில்லை. வென்றுவிட்டதாக நினைத்தேன்.

மார்ச் 25
வாந்தி, சோர்வு. நஞ்சு இறங்குகிறது என்கிறாள் சிவசக்தி அக்கா. அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 27
அம்மா விழுந்துட்டா. மலையில, கொழுந்துக் கூடையோட. மயக்கமாம் — இடுப்பெலும்பு போச்சு. நான்தானே கொட்டுனேன்?

மார்ச் 30, பதுளை ஆஸ்பத்திரி
டொக்டர் றுஸைனா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இவ்வளவு காலம் எடுத்ததை ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம், சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டுமாம். எலும்பை அது ஏற்கெனவே அரித்திருக்கிறது. இனி மலை ஏறவே முடியாது.

அதிகாரிகள் கடையிலிருந்த பெட்டிகளை அள்ளிப் போனார்கள். அதை விழுங்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்வது என்று லயத்துப் பக்கம் வந்து சொல்ல ஒருவரும் இல்லை. நான்? படித்தவள். அந்த முகத்தின் படம் இருந்த பக்கத்தோடு, அடுத்ததைப் புரட்டாமல், புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஏப்ரல் 18
கடை திறந்தாயிற்று. வழக்கு ஒரு பக்கம் நடக்கிறதாம்.

மே 6
கல்லூரியில் இன்று வகுப்புத் தொடங்கியது. காலையில் பெரட்டுக்குப் போனேன். அம்மாவின் பேரை வெட்டி, என் பேரைப் பதிந்துகொண்டார்கள்.