கூலர் மாட்டிய மாதம்

ஜூன் 4, வியாழன்

காலையில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளிக்கு வேலைக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரருடைய பட்டறை வழியாகப் போனேன். போயிருக்க வேண்டாம். என் நீலப் பந்தயக் காரை ஸ்டாண்டில் ஏற்றி, முன்பக்க பம்பரைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். இன்ஜினைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ தெறித்துக் காய்ந்திருந்தது. ரத்தம் இல்லை, ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப வைக்கும் ஆயில். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் கொதித்துப் பொங்கி, டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன். பாதிப் பந்தயம் முடிந்திருந்தது. நீள வளைவு — வலது பக்கமாக முடிவே இல்லாமல் போகுமே, அது. நடுவில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. கீழேயிருந்து யாரோ இறுக்கிப் பிடித்துக்கொண்ட மாதிரி. வண்டி தடத்தை விட்டு ஜல்லியில் இறங்கி, டயர் அடுக்கிய சுவருக்கு ஓர் ஆள் உயரம் முன்னால் நின்றது. எனக்கு மணிக்கட்டில் சுளுக்கு. "அவ்வளவுதானே, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்கிறார்கள் எல்லோரும்.

போச்சா?

ஜூன் 6, சனி

சாப்பிடும்போது இவர் திட்டத்தைச் சொன்னார். அன்று ஸ்டியரிங் மட்டும் கொதிக்கவில்லையாம். இன்ஜின் ஆயிலும் நூற்று நாற்பது டிகிரியைத் தொட்டிருக்கிறது.

"ரோட்டுல ஓட்டுறதுக்குச் செஞ்ச வண்டி. நீ அதைச் சுத்திச் சுத்தி விரட்டுனா ஆயிலுக்கு ஆற நேரம் ஏது? சூடேறினா தண்ணி மாதிரி இளகிடும். அப்புறம் இரும்பும் இரும்பும் உரசிக்கும்."

அதனால் இரண்டு கூலர். இன்ஜின் ஆயிலைக் காற்றில் ஆற்ற, சின்ன ரேடியேட்டர் போல ஒன்று. ஸ்டியரிங் ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் குழாயில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. ஜூலை ஐந்தாம் தேதிப் பந்தயத்துக்குள் முடித்துவிடுவாராம்.

மாமியார் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, ஆயிலுக்குக் காத்து, ஸ்டியரிங்குக்குக் காத்து. சமையக்கட்டுல ஒரு ஃபேன் மாட்டுடான்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேனே, அது காதுல விழலயா? நானும் ஒருநாள் பொங்கி மூடியத் தள்ளுனாத்தான் பாப்பியா?"

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். வண்டிக்கு இரண்டு கூலர். என் கைக்கு என்ன மாட்டுவார்?

ஜூன் 9, செவ்வாய்

வங்கி அக்கா இன்று மூன்று முறை நடுரோட்டில் வண்டியை அணைத்தார். ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ள என்னிடம் வந்திருக்கிறார். வங்கியில் எத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிறாரோ, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் குரலே மாறிவிடுகிறது.

"திருப்பம் வந்தா கண்ண மூடிக்கறேன்மா. என்னை அறியாமலே."

"பயப்படுங்க அக்கா, வேண்டாங்கல. கண்ணத் திறந்துக்கிட்டுப் பயப்படுங்க."

பெரிய தத்துவத்தைக் கேட்டதுபோல் தலையாட்டினார். அவரை இறக்கிவிட்டு நான் தனியாகத் திரும்பினேன். ரவுண்டானாவில் என் கையைப் பார்த்தேன். விரல் முட்டி எல்லாம் வெளுத்திருந்தது. சைக்கிள்காரர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார்! ஊருக்குத்தான் உபதேசம்.

ஜூன் 13, சனி

கூலரை முதலில் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மாட்டினார். காற்று நன்றாக அடிக்கும் இடம் அதுதான் என்று. புறவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் அடங்கியது. ஆனால் ரேடியேட்டர் தண்ணீரின் முள் ஏற ஆரம்பித்தது. ரேடியேட்டருக்குப் போக வேண்டிய காற்றைக் கூலர் வழிமறித்துக்கொண்டது.

"ஒருத்தன் வாய்க்குப் போறத இன்னொருத்தன் தட்டிப் பறிச்ச கதையா இருக்கு" என்று வண்டியை ஓரம் கட்டினார். "எல்லாத்தையும் கழட்டணும். ஜூலைக்குள்ள முடியுமான்னு தெரியல."

அதைக் கேட்டதும் உடம்பு லேசாகிவிட்டது. பல் வலியோடு போகிறவளுக்கு, வைத்தியர் வரவில்லை என்ற பலகையைப் பார்த்த நிம்மதி. அவர் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு நிம்மதி. நான் என்ன பிறவி?

ஜூன் 15, திங்கள்

இன்ஜின் பக்கத்தை முடித்துவிட்டார். கூலரை பம்பருக்குள் இடது மூலைக்கு நகர்த்தி, அலுமினியத் தகட்டை வளைத்துக் காற்று வர வழி செய்து, முன்னால் கம்பி வலையும் போட்டாயிற்று. இப்போது தண்ணீரும் சூடாவதில்லை. நல்ல செய்தி. நல்ல செய்திதான்.

ஜூன் 17, புதன்

ஸ்டியரிங் பக்கம் இன்னும் அடங்கவில்லை. புதிய கூலரை இணைத்தபோது குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. திருப்பினால் முனகுகிறது — பசித்த பூனை மாதிரி. அந்தக் காற்றை எடுக்க முன் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். இன்னொருவர் டப்பாவில் குமிழி வருவதைப் பார்த்து ஆயில் ஊற்ற வேண்டும். நான் திருப்பினேன்.

சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும், இன்ஜின் ஓடாத ஸ்டியரிங் கனமாகத்தான் இருந்தது. அதே கனம். வண்டி நகரவில்லை, பட்டறைக்குள் நிற்கிறது, வெளியே வெயில் அடிக்கிறது, ரேடியோ பாடுகிறது. எனக்கு மட்டும் ஜல்லி சத்தம் கேட்டது.

"மெதுவா... மெதுவா... நிறுத்து" என்றார். நிறுத்தினேன். கண்ணாடி வழியே என் கையைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவைப் பார்த்து, "குமிழி குறைஞ்சிருச்சு" என்றார்.

கேட்டிருக்கலாம்.

ஜூன் 20, சனி

கொழுந்தன் வந்திருந்தான். வீட்டில் எல்லோரும் அவனை ராக்கெட் என்றுதான் கூப்பிடுவோம். நடக்கும்போதுகூட யாரையாவது முந்தப் பார்ப்பான். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இவர் போகிற போக்கில், "இந்தத் தடவை இவன் ஓட்டட்டுமே" என்றார். என்னைப் பார்க்காமல், டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.

நான் "சரி" என்றேன். சரி என்று வாய்தான் சொன்னது. சமையலறைக்குப் போய் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"கோவமா?"

"என் வண்டி. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலல்ல?"

"உன் கை நடுங்குச்சு."

"அத அன்னிக்கே கேக்க வேண்டியதுதான? தம்பி முன்னாடி டம்ளரப் பாத்துக்கிட்டுச் சொல்லணுமா?"

அவர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு உன் வண்டி புழுதிக்குள்ள போச்சு. எல்லாரும் ஓடுனாங்க. எனக்குக் கால் வரல. நின்ன எடத்துலயே நின்னேன். வண்டிய நான் சரி பண்ணிடுவேன். உனக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய்ச் சரி பண்றது?"

இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் தூக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் எங்கே போனது தெரியவில்லை. நானும் உண்மையைச் சொன்னேன்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க என்ன மாட்டுனாலும் என் கை அந்த ஸ்டியரிங்க நம்ப மாட்டேங்குது. ஆனா ஓட்டாம விட்டா, இனிமே எதையுமே நம்பாதுன்னு அதவிடப் பயமா இருக்கு."

கடைசியில், இருபத்தேழாம் தேதி பந்தயத் தடத்தில் எல்லோருக்கும் நடக்கும் சோதனை ஓட்டத்தில் நானும் ராக்கெட்டும் மாறி மாறி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. முடியாவிட்டால் நானே சாவியைக் கொடுத்துவிடுவேன். அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 27, சனி

ராக்கெட் முதலில் போனான். சுற்றுக்குச் சுற்று வேகம். இறங்கி வந்து, "அண்ணே, ஆயில் நூத்தஞ்சத் தாண்டவே இல்ல! ஸ்டியரிங் வெண்ண மாதிரி இருக்கு" என்று குதித்தான்.

அடுத்து நான். வண்டி சொன்னதைக் கேட்டது. நான்தான் கேட்கவில்லை. நீள வளைவு வரும்போதெல்லாம் கண் தானாக முள்ளுக்குப் போனது. நூறு. நூற்று இரண்டு. ஏறுகிறதா? வழியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் முள்ளைப் பார்த்தால் எங்கே திரும்புவது? வேகத்தை விட்டுவிட்டேன். பின்னால் வந்த எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

உள்ளே வந்து நிறுத்தினேன். சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுதான். இவர் ஜன்னல் வழியே குனிந்து, கறுப்பு டேப்பைக் கிழித்து முள்ளின் மேல் ஒட்டினார். பக்கத்திலிருக்கும் சிவப்பு விளக்கை மட்டும் விட்டுவைத்தார்.

"ஆயில்ல ஏதாவது கோளாறுன்னா இது எரியும். எரியற வரைக்கும் உனக்கு இந்தப் பக்கம் வேலை இல்ல. போ."

போனேன். நன்றாக ஓட்டினேன் என்று எழுத மாட்டேன். ஆனால் நீள வளைவின் முடிவு எப்படி இருக்கும் என்பதை இந்த மாதத்தில் முதல் முறையாகப் பார்த்தேன்.

இறங்கியதும் ராக்கெட் தலையைச் சொறிந்தான். "அண்ணி, அஞ்சாம் தேதி எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு. மறந்தே போச்சு. நீங்களே ஓட்டிருங்க."

யாருக்குக் கல்யாணம் என்றேன். யோசித்தான். "ஃப்ரெண்டோட... ஃப்ரெண்டுக்கு."

ஜூலை 4, சனி

எதுவும் இறங்கவில்லை. இரண்டு முறை வாந்தி. மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏதாவது விசேஷமா?" என்றார். கடவுளே!

ஜூலை 5, ஞாயிறு

கை வலிக்கிறது, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

கல்யாணத்துக்குப் போக வேண்டிய ராக்கெட், விடிந்ததும் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் எதுவும் கேட்கவில்லை.

முதல் பாதி நன்றாகப் போனது. பயம் இருந்தது, ஆனால் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தது. பிறகு எனக்கு முன்னால் போன வெள்ளை வண்டி ஓரத்து ஜல்லியில் ஒரு சக்கரத்தை விட்டு மறுபடி தடத்தில் ஏறியது. கல் மழை. டம் டம் என்று முகப்பில் அடித்தது. நீள வளைவுக்குள் நுழைகிறேன், சூடான எண்ணெய் வாசனை. உடனே சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. பிறகு நின்று எரிந்தது.

இன்ஜினை அணைக்க வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடினால் இன்ஜின் போய்விடும், தடத்தில் எண்ணெய் கொட்டினால் பின்னால் வருகிறவர்கள் வழுக்குவார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். இன்ஜினை அணைத்தால் ஸ்டியரிங் என்ன ஆகும் என்பதும் தெரியும். வளைவின் நடுவில். அதே இடத்தில்.

அணைத்துவிட்டேன்.

கல். அதே கல். ஆனால் இந்த முறை அது வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. "வா" என்று வாய்விட்டுச் சொன்னேன் என்று நினைக்கிறேன். இரண்டு கையையும் பூட்டி, தோளை முட்டுக் கொடுத்து, உடம்பு மொத்தத்தையும் சாய்த்து இழுத்தேன். திரும்பாது திரும்பாது என்று போக்குக் காட்டி, ஒரு விரற்கடை திரும்பியது. இன்னொரு விரற்கடை. கண்ணை மூடவில்லை. வண்டி வளைவைச் சுற்றிக்கொண்டே வேகம் குறைந்து, உள்பக்கப் புல்வெளியில் ஏறி, மெதுவாக, மாடு படுப்பதுபோல் நின்றது.

பின்னால் வந்தவர்கள் எல்லோரும் பத்திரமாகத் தாண்டிப் போனார்கள். நான் எண்ணவில்லை, ஆனால் ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன்.

பாதுகாப்புக் கொடி காட்டி அனுமதித்ததும் ஓடி வந்தவர்களில் முதல் ஆள் இவர். மூச்சு வாங்கியது. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. வண்டியைப் பார்க்கவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றி என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் குனிந்து அடியில் பார்த்தார். வலையின் கண் வழியாகக் கூரான ஒரு கல் புகுந்து கூலரைக் குத்தியிருந்தது. கொட்டிய ஆயிலில் பெரும்பகுதி அடித்தட்டிலேயே தேங்கி நின்றது.

"நான் போட்ட வலை. கண்ணு பெருசாயிருச்சு" என்றார், எழுந்திருக்காமலே.

"கல்லுக்கு உங்க வலை தெரியுமா? எழுந்திரிங்க."

பந்தயத்தை முடிக்கவில்லை. கோப்பை கீப்பை ஒன்றும் இல்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழி முழுக்கத் தூங்கினேன்.

ஜூலை 8, புதன்

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். வங்கி அக்கா லைசென்ஸ் தேர்வுக்குத் தேதி வாங்கிவிட்டார். என் கையைப் பார்த்துவிட்டு, "சூடா ஏதாவது புடிச்சுட்டியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 11, சனி

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் என் கைக் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, இனிமே நீ ஓட்ட மாட்டியா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "புதுக் கூலர் வர ரெண்டு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் ஓட்ட மாட்டா."