நாற்பத்தெட்டில் அவுட்

என்னங்க,

ரசம் அடுப்பின் மேல் இருக்கிறது. முட்டைக்கோஸ் பொரியல் ஃபிரிட்ஜில். நேற்றுபோல் கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள்.

புவாண்ட்-கிளேர் ஊரில் நடந்த கிரிக்கெட் மேட்சுக்கு அம்பயர் வரவில்லை என்று என்னை நிறுத்தியதே நீங்கள்தான். உருண்டுகொண்டிருந்த பந்தைக் குனிந்து எடுத்து பௌலரிடம் கொடுத்தீர்கள். மரியாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதிர் அணியின் சம்மதம் இல்லாமல் பேட்ஸ்மேன் பந்தைக் கையால் தொட்டால் அவுட். அவர்கள் அப்பீல் செய்தார்கள், நான் விரலை உயர்த்தினேன். நாற்பத்தெட்டு ரன்னில் நிற்பது என் வீட்டுக்காரர் என்பதற்காக விரல் மடங்குமா?

மைதானத்தில் மறுபேச்சு இல்லாமல் நீங்கள் வெளியே நடந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வீட்டுக்கு வந்தும் அதே மௌனம் என்பதுதான் கொஞ்சம் அதிகம்.

காலையில் எதிர் அணி கேப்டன் மணிவாசகம் போன் செய்தார். "மேடம், ஃபைனலுக்கும் நீங்கதான் அம்பயரா நிக்கணும். எங்க பசங்க எல்லாரும் சொல்லிட்டாங்க" என்றார். உடனே சரி என்றுவிட்டேன்.

லைப்ரரி வேலை முடிந்து மெட்ரோவில் ஆறரைக்கு வந்துவிடுவேன்.

கமலினி

பி.கு.: சாப்பிட்ட தட்டை உங்கள் கையாலேயே எடுத்து சிங்க்கில் போடலாம். அதற்கு இந்த வீட்டில் யாரும் அப்பீல் செய்யமாட்டார்கள்.