துரைசானி தராத கரண்டிகள்

என் அன்புக்குரிய பெருமைக்காரி, ஞானக்காவுக்கு,

நீ போன பிறகு உன் வெள்ளிக் கரண்டிப் பெட்டிக்குத்தான் விருந்தாளிகள் அதிகம். உயிரோடு இருந்தபோது உன் முட்டுவலிக்கு என்ன மருந்து என்று கேட்க வராதவர்கள் எல்லாம் இப்போது வருகிறார்கள். பெட்டிக்குள் விரித்திருக்கும் பச்சைத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். உன் போட்டோவுக்கு முன்னால்கூட அவ்வளவு பெரிய மூச்சு யாரும் விடவில்லை.

சபை மலருக்கு உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அஞ்சாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்தவளிடம் கேட்டது அவர்கள் தப்பு. எனக்கு நாலு வரியில் நிறுத்தத் தெரியாது. இதை அவர்கள் போடாவிட்டால் வேறு யாராவது போடட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. பழைய மிஷன் பங்களாவின் முன்னறையில் கண்ணாடி அலமாரி வைத்து, அந்தக் காலத்துச் சாமான்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள். நம் சபையில் ஆதிக் கிறிஸ்தவக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ளாத குடும்பம் எது? எல்லார் வீட்டிலும் மிஷன் துரை கொடுத்தது என்று ஒன்று கிடக்கிறது. துரை கொடுத்த நாற்காலிகள் மட்டும் எத்தனை வந்து இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறாய்? உள்ளே நடக்க இடமில்லை. அந்த மனுஷன் வேதம் சொல்லக் கப்பலேறினாரா, தச்சு வேலைக்குக் கப்பலேறினாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். நாகர்கோவில் மரக்கடைச் சீட்டு கிழியாமல் ஒட்டியிருந்தது.

அலமாரியின் நடுத்தட்டை உனக்காகக் காலியாக வைத்திருந்தார்கள். நீ சொல்லி வைத்த கதை அப்படிப்பட்டது அல்லவா? அந்தத் துரையின் மனைவி துரைசானி அம்மாள் சீமைக்குத் திரும்பும்போது, தன் சாப்பாட்டு மேசைக் கரண்டி, கத்தி, முள்ளுக்கரண்டி எல்லாவற்றையும் பெட்டியோடு நம் பாட்டியைப் பெற்ற பூட்டியின் கையில் கொடுத்துக் கண்ணீர் விட்டாளாம். நம் பூட்டி அந்த பங்களாவின் வாசல்படியை மிதித்திருப்பாளா அக்கா?

அந்தக் கதை பிறந்த அன்றைக்கு நான் பக்கத்தில்தான் நின்றேன். முந்தின போதகர் வீடு சந்திக்க வந்திருந்தார். மேசையில் நீ துடைத்துப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து, "டீச்சர், இதெல்லாம் எங்க உள்ளது?" என்று கேட்டார். "மிஷன் பங்களாவில உள்ளதாக்கும் ஐயா, பரம்பரையா இருக்கு" என்று சொன்னாய். காப்பித் தட்டோடு நான் உன்னையே பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது அவர் ஒரு முள்ளுக்கரண்டியை எடுத்து, "இதுல என்ன, கொடி மாதிரி இருக்கு?" என்றார். அது ஏதோ கப்பல் கம்பெனியின் அடையாளம். "துரைசானி வந்த கப்பல் ஐயா அது" என்றாய், கண்ணிமைக்காமல்.

அவர் போனதும் நான் கேட்டேன்: "அப்போ துரைசானி கப்பல்ல சாப்பிட்டுட்டு கரண்டிய மடியில கட்டிக்கிட்டு இறங்கிட்டாளா?"

"ஏட்டி, வாய மூடுதியா?" என்றாய். பிறகு பின்வாசலில் போய் எனக்கு முதுகு காட்டி நின்றாய். உன் தோள் குலுங்கியது. சிரித்தாயா, அழுதாயா? இதுவரை எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெட்டியில் இருக்கிற ஒவ்வொன்றும் கோட்டாறு மைதீன் பாயின் பழைய சாமான் கடையில் நீ வாங்கியது. மலையில் வெள்ளைக்காரர்களின் எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்தபோது அவருக்கு மூட்டை மூட்டையாக வரும். சனிக்கிழமை நீயும் நானும் பஸ் ஏறிப் போவோம். நீ லென்சு வைத்து, கைப்பிடியின் பின்னால் நடந்து போகிற சிங்க முத்திரையைத் தேடுவாய். சிங்கம் இருந்தால் நல்ல வெள்ளி. முன்னால் சிப்பி வடிவம் செதுக்கியிருக்க வேண்டும். எல்லாக் கைப்பிடியிலும் ஒரே மாதிரிச் சிப்பி அமைய நீ எத்தனை வருஷம் அலைந்தாய். கப்பல் கரண்டியில் சிங்கம்கூட இல்லை, வெறும் முலாம். சிப்பி ஒத்துப்போனதால் விட மனசில்லாமல் எடுத்துக்கொண்டாய்.

சிப்பி ஒத்துப்போனது. எழுத்து ஒத்துப்போகவில்லையே அக்கா. ஒன்றில் ஒரு துரையின் பேரெழுத்து, இன்னொன்றில் வேறொரு துரையின் பேரெழுத்து. துரைசானிக்கு எத்தனை புருஷன் என்று இந்த ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரி பேரைச் சொன்னால் நம் ஆட்களுக்குக் கண் அவிந்துவிடும்.

அதைக் கொண்டு ஒரு நாளாவது ஒரு வாய் சாப்பிட்டோமா? அதில் மீன்கத்தி என்று ஒன்று. வங்கடை மீனின் வயிற்றைக்கூட அதால் கீற முடியாது. முள்ளை ஒதுக்கத்தான் அந்தக் கத்தி என்று எனக்குச் சொன்னாய். முள்ளை விரலால் எடுக்கத் தெரியாதவர்களுக்கு மீன் எதற்கு? நம்மை ஆண்டது இவர்கள்தானா என்று நான் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமசுக்கு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, திரும்பத் துடைத்துப் பெட்டியில் வைப்பாய். பிறகு அடுக்களையில் வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டுக் கையால் பிசைந்து சாப்பிடுவாய்.

கரண்டி வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. நகைக்கடை வாசலில் நின்று வாய் பிளக்கிறவர்களைவிட நீ மேல். உனக்கு அழகு எது என்று தெரியும். தேடித் தேடி, பொறுத்திருந்து, உன் சம்பளத்தில் நீ வாங்கினாய். அதைச் சொல்ல உனக்கு ஏன் நா எழவில்லை?

அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எங்களுக்கு விளை உண்டு" என்பாய். விளை என்ற பனந்தோப்பு இருந்தது உண்மைதான். அது வேறு ஆளுடையது. அதில் நின்ற பனைகளில் நம் அப்பா ஏறினார். அம்மா பதநீர் காய்ச்சி, கருப்பட்டி நிறைந்த ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்து வடசேரிச் சந்தைக்கு நடந்தாள். அந்தக் கருப்பட்டிதான் உன்னை டீச்சராக்கியது. அம்மாவின் உச்சந்தலையில் முடி தேய்ந்து கிடந்தது உனக்கு மறந்தா போயிற்று? அவளை ஒதுக்கி நிறுத்திவிட்டு, நாம் முகம்கூடப் பார்க்காத ஒரு துரைசானியை அந்த இடத்தில் கொண்டு உட்கார வைத்தாய். உன்மேல் எனக்கு உள்ள கோபம் இது ஒன்றுதான்.

பெட்டியை நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கொண்டு போய் வைத்தேன். பிறகு அதன் முன்னால் நிறுத்தியிருந்த அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். துரைசானி, பூட்டி, அன்பளிப்பு. கடைசி வரியில் பொடி எழுத்தில், காத்து வைத்தவர் என்று உன் பெயர். நீ ஏதோ காவல்காரி மாதிரி.

சபைச் செயலரிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, இது எங்க அக்கா கோட்டாத்துல வாங்கினது. அப்படியே எழுதி வையுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெல்லப் பேசும்மா. கடையில வாங்கினதுன்னு எழுதினா அது கடைச்சாமானாக்கும். துரைசானி கொடுத்ததுன்னாதான் சரித்திரம்."

"எங்க அக்கா வாங்கினா சரித்திரம் ஆவாதா?"

"டீச்சர் நல்ல மனுஷிதான். யாரு இல்லேன்னு சொன்னா? ஆனாலும் கண்ணாடிக்குள்ள வைக்கதுக்கு ஒரு இது வேண்டாமா?"

"ஒரு இதுன்னா எது? வெள்ளத் தோலா?"

அவர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார். நான் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். நாற்காலி கொடுத்தவர்கள் ரெண்டு பேர் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டேன். அது அவர்களுடைய சாமான்.

நான் வீடு வருவதற்குள் தம்பி பெண்டாட்டி வந்து நின்றாள். அவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம்.

"உங்களுக்கு என்ன கேடு மைனி? பெண்ணு பாக்க வாறவங்ககிட்ட துரைசானி வெள்ளி இருக்க குடும்பம்னு சொல்லி வச்சிருக்கேன். இனி நான் என்னத்தச் சொல்ல?"

"உள்ளதச் சொல்லு. பனையேறிக்க பேத்தின்னு சொல்லு."

"டீச்சர் மைனி இருந்தா இப்பிடி மானத்த வாங்குவாவளா?"

"வாங்கமாட்டா. அவ கரண்டிதான் வாங்குவா."

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள். அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து அழுதேன் அக்கா. மானத்துக்காக இல்லை. இதைக் கேட்டிருந்தால் நீ பின்வாசலுக்குப் போயிருப்பாய் என்று தோன்றியது. அதற்குத்தான்.

போன வாரம் உன் கல்லறைக்குக் கல் சொல்ல மயிலாடிக்குப் போனேன். என்ன எழுத வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கல் கொத்துகிறவர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பனையேறி மாசிலாமணிக்கும் கருப்பட்டி விற்ற அன்னம்மாளுக்கும் மூத்த மகள், ஞானம் டீச்சர். அம்மா, இப்பிடியா போடணும்? உபதேசியார் மகள், மூப்பர் மகள்னுதான் எல்லாரும் போடச் சொல்லுவாவ. இப்பிடி யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கேன். போடும்."

"கல்லுல வெட்டியாச்சுன்னா பிறகு அழிக்க முடியாது, கேட்டியளா?"

"அதுக்குத்தான் கல்லுல வெட்டச் சொல்லுகேன்" என்றேன்.

பெட்டி நம் வீட்டில்தான் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுகிறேன். இது எங்க அக்கா வாங்கியது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் திறக்கிறேன். பாதிப் பேர் அதைக் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். மிச்சப் பேர் சிப்பியைப் பார்க்கிறார்கள்.

நீ படுத்திருக்கிற இடத்தில் இனிமேல் அப்பாவும் அம்மாவும் உன்னோடு இருப்பார்கள். அந்த எழுத்தில் பாசி பிடிக்க நான் விடமாட்டேன். என் கைக்குத் தெம்பு இருக்கும்வரை வந்து தேய்த்துக் கழுவுவேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். எழுந்து பின்வாசலுக்குப் போக இனி உன்னால் முடியாதே அக்கா.

பனையேறியின் இளைய மகள்,
உன் கூடப்பிறந்தவள் கனகம்