தொட்டியின் அடியில் சேறு

பிப்ரவரி 3
அணை முக்கால் நிறைந்திருக்கிறது. கரையின் அடியில் கசியும் நீரை வழக்கம்போல வெள்ளைக் கிண்ணத்தில் பார்த்தேன். தெளிவு. "தெளிஞ்சு வந்தா கரை கெட்டி. கலங்கி வந்தா ஓடிடு" – இந்த மண் அணையைக் கட்டிய மாமனார் சொன்னது அவ்வளவுதான். கசிவு வீணாகிறதே என்று கொழுந்தன் அதன் கீழே சிமெண்ட் தொட்டி வைத்திருக்கிறான், கன்றுகள் குடிக்க. எனக்கும் வசதி. முழங்கால் வலியோடு குனிய வேண்டாம். தொட்டியிலேயே மொண்டு பார்த்துவிடுகிறேன்.

பிப்ரவரி 11
தெளிவு.

பிப்ரவரி 19
தெளிவு. கொழுந்தன் புலம்புகிறான்: "தொட்டி நிறைய மறுபடியும் சேறு, அண்ணி. அள்ளி அள்ளி இடுப்பு ஒடியுது."
"கன்னுக்குட்டி காலை விட்டிருக்கும், சோம்பேறி" என்றேன்.

பிப்ரவரி 24
இன்றும் சேறு அள்ளினான். கன்றுகள் நாலு நாளாக மேல் கொட்டகையில் அல்லவா கட்டியிருக்கின்றன? அப்புறம் யார் காலை விட்டது?

ஐயோ. கிண்ணத்தைக் கசிவு விழும் இடத்திலேயே நீட்டினேன். டீத் தண்ணி மாதிரி இருந்தது. கலங்கலாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. மண் தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது, நான் மேலே தெளிந்ததை மொண்டு பார்த்திருக்கிறேன். அவன் அள்ளிக் கொட்டியதெல்லாம் கரையின் வயிற்று மண். கரைக்கு நேர் கீழே அவன் வீடு. அவன் பெண்டாட்டி நிறைமாசம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு தண்ணி பாய்ச்சினா சோளம் வீடு வந்துடும். இப்பப் போய் அணையைத் திறக்கணுமா? உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்" என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

பிப்ரவரி 25
ஓரகத்தியை மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். "என்னக்கா ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல, பேசாம படு."

நானும் கொழுந்தனும் மதகைத் திறந்து தண்ணீரை ஓடையில் விட்டோம். அவர் ஓடி வந்து கத்தினார்: "என் பயிரை நீயே கொன்னுட்டியே!" கொன்றேன்தான். ஆனாலும் மூட விடமாட்டேன்.

பிப்ரவரி 28
தண்ணீர் பாதிக்கும் கீழே.

மார்ச் 6
அணை வற்றிவிட்டது. அவர் உள்ளே இறங்கினார், நான் கரைமேல் நின்றேன். அவர் தம்பி வீட்டுக்கு நேராக, உட்பக்கச் சரிவில் ஒரு ஓட்டை. கையை விட்டார். தோள் வரை போனது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தி படுத்திருந்த அறை வாசலில் நின்று, "சாப்டியாம்மா?" என்று கேட்டார். சோளம் முழுதும் காய்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். தெளிவு, தெளிவு, தெளிவு என்று பக்கம் பக்கமாக என் கையெழுத்து.